ஒன்பதரை மணி வண்டி

மே மாதக் கடைசி வாரத்தில் சிவகாசி அருகே எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு சாயங்கால நேரம் நடந்து போனால், ஏதாவது ஒரு வீட்டுத் திண்ணையில் நோட்டுக்கு அட்டை போட்டுக்கொண்டிருப்பார்கள். அதற்கென்று கடையில் போய்ப் பழுப்புத்தாள் வாங்குகிறவர்கள் குறைவு. சிவகாசி அச்சாபீஸ்களில் கழித்துப்போட்ட காலண்டர் தாள் எடைக்குக் கிடைக்கும். கனமான, வழவழப்பான தாள். முருகனும் லட்சுமியும் இருக்கிற பக்கத்தை உள்ளே மடித்து, வெள்ளைப் பக்கம் வெளியே தெரிய அட்டை போடுவார்கள். சாமி படம் வெளியேதான் வேண்டும் என்று சின்னது ஒன்று அடம்பிடித்து அழும். ஒட்டுவதற்கு மைதாவில் மயில்துத்தம் போட்டுக் காய்ச்சிய பசை. வெடிக்குக் காகிதக் குழாய் சுற்றுகிற வீடுகளில் அது எப்போதும் ஒரு சட்டியில் தயாராக இருக்கும். ஒட்டி முடித்த நோட்டுகளை அடுக்கி, சுருண்டுகொள்ளாமல் இருக்க மேலே அம்மிக் குழவியைத் தூக்கி வைத்துவிடுவார்கள். காய்ந்த பிறகு லேபிள். பெயர், வகுப்பு, பிரிவு, பாடம், பள்ளி. அந்த லேபிளும் சிவகாசியில் அச்சானதுதான். ஊர் ஊராகப் போய் எத்தனையோ பிள்ளைகளின் நோட்டில் ஒட்டிக்கொள்கிறது.

நானும் அப்படிக் காலண்டர் தாள் அட்டை போட்ட நோட்டோடு ஆறாம் வகுப்புக்குப் போனவன். உள்ளூரில் ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிட்டது. அதற்கு மேல் பஸ் ஏறிப் போகவேண்டும். பள்ளி திறந்த அன்று அம்மா விடியும் முன்பே தீப்பெட்டி ஆபீஸ் வண்டியில் போய்விட்டார். பையில் நோட்டு இருந்தது, பேனா இருந்தது, தூக்குச்சட்டியில் சோறும் இருந்தது. ஆறாம் வகுப்பு எந்தக் கட்டடத்தில் என்பதுதான் தெரியவில்லை. யாரிடமும் கேட்கப் பயம். கூட்டத்தோடு கூட்டமாக ஓர் அறைக்குள் போய் உட்கார்ந்தேன். அது ஏழாம் வகுப்பு. வருகைப் பதிவில் என் பெயர் வரவில்லை. வரவில்லை என்று எழுந்து சொல்ல நாக்கு எழவில்லை. மதிய மணி அடிக்கும் வரை அங்கேயே இருந்தேன். மறுநாள் பள்ளிக்குப் போகமாட்டேன் என்று அழுததும், பாட்டி கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்ப் பஸ்ஸில் ஏற்றியதும் ஞாபகம் இருக்கிறது. பாட்டி இல்லாதிருந்தால் ஒரு வாரத்தில் தீப்பெட்டி ஆபீசில் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். என்னோடு ஐந்தாம் வகுப்பு முடித்தவர்களில் சிலர் அப்படித்தான் உட்கார்ந்தார்கள்.

புதிய கல்வியாண்டுக்குப் பிள்ளையைத் தயார்செய்வது பற்றிப் பத்திரிகைகளில் ஆண்டுதோறும் குறிப்புகள் வருகின்றன. பை எவ்வளவு கனம் இருக்கலாம், தண்ணீர்ப் பாட்டில் எதில் செய்ததாக இருக்க வேண்டும், மதியச் சாப்பாட்டுக்கு என்ன கொடுத்து அனுப்பலாம். எல்லாம் நல்ல குறிப்புகள்தான். ஆனால் அவை காலை எட்டு மணிக்கு வீட்டில் ஒரு தாய் இருக்கிறாள் என்று வைத்துக்கொண்டு எழுதப்படுகின்றன. சிவகாசி வட்டாரத்தில் அந்த நேரத்தில் தாய் பயர் ஆபீசில் இருப்பாள்.

வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லவேண்டும். இங்கே தொழிற்சாலையை யாரும் தொழிற்சாலை என்று சொல்வதில்லை. தீப்பெட்டி ஆபீஸ், வெடி ஆபீஸ், பயர் ஆபீஸ். காலை ஆறு மணி சுமாருக்குக் கம்பெனி வண்டி ஊர் முக்கில் வந்து நிற்கும். மருந்து கலப்பதும் செலுத்துவதும் வெயில் ஏறுவதற்குள் முடிய வேண்டிய வேலை. உராய்வும் சூடும்தான் வெடிமருந்துக்கு எமன். ஆகவே விடியலில் தொடங்குவதற்குக் காரணம் இருக்கிறது. ஆனால் மருந்தைத் தொடாத வேலைகளும் ஏராளம். குழாய் உருட்டுவது, தாள் சுற்றுவது, லேபிள் ஒட்டுவது, பெட்டியில் அடைப்பது. இவற்றில் பெரும்பாலும் பெண்கள். அவர்களும் அதே வண்டியில்தான் அதே நேரத்துக்குப் போகிறார்கள். பல வேலைகளுக்கு எண்ணிக்கைக் கூலி. கை நின்றால் காசு நின்றது. வாரக் கடைசியில் சம்பளம். ஒரு நாள் போகாவிட்டால் அந்த வாரத்துக் கணக்கில் ஓட்டை விழும். அதோடு, பள்ளி திறக்கிற ஜூன்தான் தீபாவளி உற்பத்தி சூடுபிடிக்கிற காலமும். லீவு கேட்பதற்கு அதைவிட மோசமான மாதம் கிடையாது.

அப்படியானால் ஆறு மணியிலிருந்து ஒன்பது மணி வரை பிள்ளையை எழுப்பி, குளிப்பாட்டி, சடை பின்னி அனுப்புவது யார்? பாட்டி இருக்கிற வீட்டில் பாட்டி. இல்லாத வீட்டில் அக்கா. அந்த அக்காவுக்குப் பத்து, பன்னிரண்டு வயதிருக்கும். தம்பிக்குச் சட்டைப் பித்தானை மாட்டிவிட்டு, தங்கையை ஊர்ப் பள்ளியில் விட்டுவிட்டு, தன் பஸ்ஸைப் பிடிக்க ஓடுவாள். பஸ் போய்விட்டால் அன்றைக்கு அவ்வளவுதான். வாரத்தில் இரண்டு நாள் அப்படி ஆனால், கணக்கு வகுப்பில் என்ன நடக்கிறது என்றே புரியாமல் போகும். எட்டாம் வகுப்பில் நிற்கிற பிள்ளைகளின் கதையை விசாரித்துப் பாருங்கள். ஆறாம் வகுப்பில் விட்ட பஸ்களில் தொடங்கியிருக்கும்.

பொருள் விஷயத்தில் குறை சொல்ல மனம் வரவில்லை. அரசுப் பள்ளிப் பிள்ளைக்குப் பாடநூல், நோட்டு, சீருடை, பை, காலணி, ஜியோமெட்ரி பாக்ஸ், பஸ் பாஸ் என்று தமிழ்நாட்டில் கிடைப்பது சாதாரணம் இல்லை. மேல்நிலையில் மிதிவண்டியும் உண்டு. 1956-இல் மதிய உணவைத் தொடங்கிய காமராஜர் இந்த விருதுநகர் மண்ணில் பிறந்தவர். தான் பாதியில் பள்ளியை விட்டவர். 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம், 2023 ஆகஸ்டில் மாநிலம் முழுவதும் உள்ள அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்தது. அதன் அருமை இந்த வட்டாரத்தில் இருப்பவர்களுக்குக் கூடுதலாகப் புரியும். ஆறு மணிக்குத் தாய் கிளம்பிவிட்ட வீட்டுப் பிள்ளைக்கு எட்டரை மணிக்குச் சூடாக உப்புமாவும் சாம்பாரும் கிடைப்பது பெரிய காரியம்.

ஆனால் அந்தத் திட்டம் 1 முதல் 5 வரையிலான வகுப்புகளுக்காகத் தொடங்கப்பட்டது. ஆறாம் வகுப்புக்குப் போகிற பிள்ளையின் ஜூன் மாதத்தை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். பள்ளி மாறுகிறது. தெரிந்த டீச்சர் இல்லை. ஒரே ஆசிரியர் எல்லாப் பாடமும் எடுத்தது போய், மணி அடிக்கிறபோதெல்லாம் வேறு முகம் வருகிறது. பஸ் ஏறவேண்டும், அதனால் இன்னும் சீக்கிரம் எழவேண்டும். அதே மாதத்தில் காலைச் சோறும் நின்றுபோகிறது. அப்போதும் தாய் வீட்டில் இல்லை. ஒரு பத்து வயதுப் பிள்ளையின் தலையில் இத்தனையும் ஒரே நாளில் இறங்குகிறது. பட்டாசு, தீப்பெட்டித் தொழில் நடக்கிற ஒன்றியங்களிலாவது காலை உணவை எட்டாம் வகுப்பு வரை நீட்டவேண்டும் என்று எனக்கு உறுதியாகத் தோன்றுகிறது.

விருதுநகர் மாவட்டம் தேர்ச்சி விகிதத்தில் பேர்போனது. 2017-இல் 97.85 சதவீதம், 2018-இல் 97.05 சதவீதம் என்று பிளஸ் டூ தேர்வில் அடுத்தடுத்து மாநிலத்தில் முதலிடம் பிடித்தது. அதற்கு முன்பும் பல ஆண்டுகள் முதலிடத்தில் இருந்த மாவட்டம். அந்தப் பெருமை எனக்கும் உண்டு. ஆனால் தேர்ச்சி விகிதம் தேர்வு எழுதியவர்களை வைத்துப் போடுகிற கணக்கு. ஆறாம் வகுப்பிலும் எட்டாம் வகுப்பிலும் நின்றவர்கள் தேர்வு அறை வரை வருவதே இல்லை.

பள்ளி திறப்பதற்கு முன் வாங்குகிற கடன் விஷயத்துக்கு வருகிறேன். மே மாதத்தில் இந்த ஊர்களுக்குள் மைக்ரோ பைனான்ஸ் வசூல்காரர்களின் பைக்குகள் அதிகம் ஓடும். பிள்ளையை இங்கிலீஷ் மீடியத்தில் சேர்க்கவேண்டும் என்ற ஆசை. அந்த ஆசையைத் தப்பென்று சொல்ல நான் யார்? வாழ்நாள் முழுக்க வெடிமருந்து வாசத்தில் கழித்த ஒரு தாய், தன் பிள்ளை டையும் ஷூவும் போட்டு வேன் ஏறுவதைப் பார்க்க நினைக்கிறாள். கட்டணம், வேன் காசு, புத்தகக் காசு எல்லாம் சேர்ந்து கைமீறிப் போகிறது. குழுக் கடன் வாங்குகிறாள். வாரத் தவணை. ஆபீஸ் கூலி அதற்குப் பற்றாது. ஆகவே குழாய் உருட்டும் தாளை வீட்டுக்கும் வாங்கி வருகிறாள். சாயங்காலம் வீடே உட்கார்ந்து உருட்டுகிறது, பிள்ளை உட்பட. எட்டு மணிக்குப் பசைக் கையைக் கழுவிவிட்டு வீட்டுப்பாடத்தைத் திறந்தால் கண் சொக்குகிறது. படிப்புக்காக வாங்கிய கடன், படிக்கிற நேரத்தைத் தின்றுவிடுகிறது. தாய் தன் பிள்ளைக்குச் செய்கிற பெரிய தியாகம் பிள்ளைக்கு எதிராகவே திரும்புவதை இந்த ஊர்களில் கண்ணால் பார்க்கலாம். நடக்கிற தூரத்தில் அரசுப் பள்ளி இருக்கிற தாய்மார்களிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: அம்மா, அந்தக் கடனை வாங்காதீர்கள். அந்தச் சாயங்காலத்தைப் பிள்ளைக்குக் கொடுங்கள்.

இந்தக் குழாய் உருட்டுவதில் சட்டத்துக்கும் பங்கு இருக்கிறது. சிவகாசித் தீப்பெட்டி, பட்டாசு ஆலைகளில் குழந்தைகள் வேலை செய்ததைப் பற்றி வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 10 அன்று தீர்ப்புச் சொன்னது. சட்டத்தை மீறி வேலைக்கு வைத்த ஒவ்வொரு பிள்ளைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்டவேண்டும், அது அந்தப் பிள்ளையின் நலனுக்கான நிதியாக வேண்டும் என்றது. விடியலுக்கு முன் ஊருக்குள் வந்து பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போன தீப்பெட்டி ஆபீஸ் வண்டிகள் நின்றதற்கு அந்தத் தீர்ப்பும், ஆசிரியர்களும், அதிகாரிகளும், தொண்டு நிறுவனங்களும் பட்ட பாடும் காரணம். பிறகு 2016-இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் திருத்தப்பட்டது. 14 வயதுக்குக் கீழே எந்த வேலையும் கூடாது, 18 வரை அபாயமான வேலை கூடாது என்று இறுக்கியது. கூடவே ஒரு கதவையும் திறந்து வைத்தது. அபாயமில்லாத குடும்பத் தொழிலில் பள்ளி நேரம் போக மற்ற நேரத்திலும் விடுமுறையிலும் பிள்ளை உதவலாமாம். டெல்லியில் எழுதும்போது விவசாயக் குடும்பங்களை மனத்தில் வைத்து எழுதியிருக்கலாம். இங்கே ‘வெறும் தாள்தானே, மருந்து இல்லையே’ என்று அந்தக் கதவு வழியாகக் குழாய் உருட்டும் வேலை மே மாதம் முழுவதும் உள்ளே வந்துவிடுகிறது. முழுப் பரீட்சை முடிந்த மறுநாள் உட்கார்ந்த பிள்ளை, கோயில் சித்திரைப் பொங்கலுக்கு எழுந்து, திரும்ப உட்கார்ந்து, பள்ளி திறக்கிற முதல் நாள்தான் எழுகிறது. கையில் காசு பார்த்துவிட்ட பிள்ளை அது. ‘நான் உருட்டுனதுலதான் செருப்பு வாங்குனேன்’ என்று பெருமையாகச் சொல்லும். அந்தப் பெருமையை எதிர்த்து ஒரு வாத்தியார் எவ்வளவு பேசமுடியும்?

பிள்ளையைத் தயார்செய்கிற வேலை மே மாதத்து வேலை என்று நான் சொல்வது அதனால்தான். பணம் செலவாகிற வேலையும் இல்லை. ஆறாம் வகுப்போ ஒன்பதாம் வகுப்போ புதுப் பள்ளிக்குப் போகிற பிள்ளையை, திறப்பதற்கு முன்பே ஒரு நாள் அதே பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போய்ப் பள்ளியைக் காட்டிவிட்டு வாருங்கள். கட்டடம் எது, கழிப்பறை எங்கே, திரும்ப எந்த நிறுத்தத்தில் ஏறவேண்டும். இது தெரிந்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும். பெண் பிள்ளைக்குக் கழிப்பறை இருக்குமிடம் தெரிந்திருப்பது எல்லாவற்றிலும் முக்கியம். மாற்றுச் சான்றிதழ், ஆதார், சாதிச் சான்றிதழ் மூன்றையும் ஒரு கவரில் போட்டு வையுங்கள். மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமானாலும் எட்டாம் வகுப்பு வரை சேர்க்கையை மறுக்கக்கூடாது என்று 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. புதுப் பஸ் பாஸ் வரவில்லையே என்று வீட்டில் நிறுத்திவைக்க வேண்டாம். சீருடையோடு ஏறுகிற பிள்ளையை இறக்கிவிடக்கூடாது என்று ஆண்டுதோறும் போக்குவரத்துக் கழகங்களுக்கு அறிவுறுத்தல் போகிறது. கரும்பலகை கண்ணுக்குத் தெரியாததை மற்றவர்கள் முட்டாள்தனம் என்று எண்ணுவதால் அடி வாங்குகிற பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள். மே மாதத்தில் ஒரு நாள் கண்ணைச் சோதித்துவிட்டால் தீர்ந்தது.

படிக்க வைப்பது எப்படி என்று எழுத்துத் தெரியாத தாய்மார்கள் தயங்குகிறார்கள். இன்று நாற்பதைத் தாண்டிய பெண்கள் பலர் பள்ளிப் பருவத்தில் தீப்பெட்டிக் கட்டு அடுக்கியவர்கள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு வரச் சொன்னால், ‘நான் வந்து என்ன சார் பேசப்போறேன்’ என்பார்கள். ஒரு வீட்டில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். அம்மா காய் நறுக்கிக்கொண்டிருந்தார். மூன்றாம் வகுப்பு முடித்த மகள் எதிரே உட்கார்ந்து பழைய தமிழ்ப் புத்தகத்தைச் சத்தமாக வாசித்தாள். ஓரிடத்தில் நின்று, முனகி, தாண்டினாள். அம்மா நிமிராமல் சொன்னார்: “முழுங்காத. திரும்பப் படி.” அந்த அம்மாவுக்குக் கையெழுத்துப் போட மட்டும்தான் தெரியும். ஆனால் மகள் எந்த இடத்தில் சொல்லை விழுங்குகிறாள் என்பது காதுக்குத் தெரிந்துவிட்டது. தினம் கால் மணி நேரம் அவ்வளவுதான். ஜூனில் அந்தப் பிள்ளை நான்காம் வகுப்பில் முதல் பாடத்தைத் திக்காமல் வாசித்திருப்பாள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

இன்னொரு வகைப் பிள்ளைகள் இந்த வட்டாரத்தில் உண்டு. எழுதக் கை கனக்கிறது. 2023 அக்டோபர் 17 அன்று எம். புதுப்பட்டிக்கு அருகே ரெங்கபாளையத்தில் நடந்த வெடி விபத்தில் 10-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் பலர் பெண்கள். 2021 பிப்ரவரி 12-இல் சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் 20-க்கும் மேற்பட்டோர். 2012 செப்டம்பர் 5-இல் முதலிப்பட்டியில் அதைவிடப் பெரிய சாவு. அன்று ஆசிரியர் தினம். பட்டியல் அதோடு நிற்கவில்லை. 2024 மே மாதம் செங்கமலப்பட்டி, 2025 ஜூலையில் சின்னக்காமன்பட்டி என்று நீள்கிறது. ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் நிவாரணத் தொகை எவ்வளவு என்பதுதான் செய்தி. அடுத்த ஜூனில் அந்த வீட்டுப் பிள்ளைக்கு யார் அட்டை போட்டார்கள் என்பது செய்தியாவதில்லை. 2024 நவம்பரில் விருதுநகருக்கு வந்த அன்றைய முதலமைச்சர் மு.க. ஸ்டாலின், வெடி விபத்தில் பெற்றோரை இழக்கும் பிள்ளைகளின் கல்விச் செலவை அரசே ஏற்கும் என்றும், அதற்கு முதற்கட்டமாக 5 கோடி ரூபாய் ஒதுக்கப்படும் என்றும் அறிவித்தார். நல்ல அறிவிப்பு. அது பிள்ளையின் கைக்கு எப்போது சேர்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மனுவோடு ஆட்சியர் அலுவலகத்துக்கு அலைய அந்தப் பிள்ளையை வளர்க்கிற பாட்டியால் முடியாது. மே மாதமே தலைமையாசிரியரும் கிராம நிர்வாக அலுவலரும் அந்த வீட்டுக்குப் போகவேண்டும். ‘அம்மாவிடம் கையெழுத்து வாங்கி வா’ என்று வகுப்பு முழுவதற்கும் சொல்கிற ஆசிரியர், அந்த வகுப்பில் அப்படி ஒரு பிள்ளை இருப்பதை முதல் நாளுக்கு முன்பே தெரிந்துவைத்திருக்கவேண்டும்.

விருதுநகர் க்ஷத்திரிய வித்தியாசாலையில் காமராஜர் படித்தார். அந்தப் பள்ளி எப்படி நடந்தது என்பது இங்கே பெரியவர்களுக்குத் தெரியும். வீட்டுக்கு வீடு சோறு ஆக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்துவைப்பார்கள். அதைத் திரட்டி விற்றுப் பள்ளி நடந்தது. பிடி அரிசி என்று அதற்குப் பெயர். வணிகர்கள் தங்கள் வியாபாரத்திலிருந்து மகமை கொடுத்தார்கள். ஒரு பிள்ளை பள்ளிக்குப் போவது அதன் தாய் தகப்பன் பாடு மட்டும் என்று அன்றைக்கு இந்த ஊர்க்காரர்கள் நினைக்கவில்லை. அதே வணிகப் பரம்பரையில் வந்தவர்கள்தான் 1920-களில் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்து சிவகாசிக்கு வாழ்வு கொடுத்தார்கள். கல்லூரியும் பள்ளியும் கட்டினார்கள். அவர்களுடைய வாரிசுகளிடம் இன்று கேட்பது அரிசியும் இல்லை, பணமும் இல்லை. நேரம்.

பள்ளி திறக்கிற வாரம் மட்டும், மருந்தைத் தொடாத வேலை பார்க்கிற தாய்மார்களை ஒன்பதரைக்கு மேல் வரவிடுங்கள். கூலியைப் பிடிக்காமல். எண்ணிக்கைக் கூலி என்றால் முந்தைய வாரத்துச் சராசரியைப் போட்டுக் கொடுங்கள். மூன்றரை மணி நேரம் குறைவதால் சரக்கு தேங்கிவிடும் என்று போர்மேன்கள் சொல்வார்கள். கோயில் பொங்கலுக்கு நாள்கணக்கில் ஆபீசை மூடுகிற ஊர் இது. அப்போது தேங்காத சரக்கு இப்போதும் தேங்காது. ஒருவருக்குக் கொடுத்தால் எல்லோரும் கேட்பார்கள் என்றும் சொல்வார்கள். கேட்கட்டும். எல்லோருக்கும் பிள்ளை இருக்கிறது. மருந்து அறையில் இருப்பவர்களுக்கு இது ஆகாது, வெயிலுக்கு முன் அவர்கள் முடித்தாகவேண்டும். அந்த வீட்டுப் பிள்ளையைப் பக்கத்து வீட்டுத் தாய் தன் பிள்ளையோடு சேர்த்துக் கூட்டிப்போவாள். இந்த ஊர்களில் அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

முதல் நாள் சடை பின்னிவிட்டு, பஸ் நிறுத்தம் வரை கூட வந்து, கண்டக்டரிடம் ‘புதுப் பிள்ளை, ஸ்கூல் ஸ்டாப்புல இறக்கி விட்டுருங்கண்ணே’ என்று ஒரு வார்த்தை சொல்ல ஒரு தாய்க்கு வேண்டியது அந்த மூன்றரை மணி நேரம்தான். ஆனால் ஆறு மணி வண்டியை விட்டுவிட்டால் ஆபீசுக்குப் போக அவளுக்கு வேறு வழி இல்லை. பல ஆபீஸ்கள் பஸ் போகாத காட்டுக்குள் இருக்கின்றன. ஆகவே முதலாளிமார்களே, லீவு கொடுத்தால் மட்டும் போதாது. பள்ளி திறக்கிற அந்த ஒரு வாரம் உங்கள் வண்டி இரண்டாவது நடையாக ஒருமுறை, ஒன்பதரை மணிக்கு, ஊர் முக்குக்கு வரட்டும்.